வெயிலில் அச்சாகும் படங்கள்

நிழற்படக் கலையின் வரலாற்றில் வங்கமும் தமிழகமும் ஒருங்கே கண் விழித்தன எனலாம். 1856ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவிலும் சென்னையிலும் நிழற்படச் சங்கங்கள் தோன்றின. பெஹாலாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இச்செய்தி இனிப்பது இயல்பன்றோ!

அதே ஆண்டில் சென்னை அரசாங்கம் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவரைத் தன் நிழற்படக்காரராக நியமித்தது. 1858இல் அவர் திருவரங்கம், தஞ்சை, மதுரைக் கோயில்களைப் படம் பிடித்தார். மெழுகூட்டிய காகிதமே அவர் பெரிதும் கையாண்ட நெகட்டிவ். படம் எவ்வளவு பெரிதோ, நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும். அதனை மருந்து பூசிய தாளோடு ஒட்ட வைத்து வெயிலில் காட்டினால் படம் பதியும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுக்களை 21 படங்களாக இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக அவர் ஆக்கினார். இத்தகைய அரும்பணியை, 1859இல் ஆளுநராக வந்த டிரெவெலியன் ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்தச் செய்தார்.

பின்னர்ச் சிறு பிலிமும் பெரிதாக்கும் கருவியும் பரவின. வெயில் அச்சு ஒதுங்கியது. அதற்கு மறுவாழ்வு அளித்தது கணிப்பொறி. 1995இல் அமெரிக்கரான டான் பர்க்கோல்டர் கணிப்பொறி வழி நெகட்டிவ் செய்யும் முறையை நூலாக வெளியிட்டார். இன்று இல்லத்து இங்க்ஜெட் அச்சுப்பொறியே அதற்குப் போதும்.

முறை வருமாறு: படத்தில் ஒளியை இருளாகவும் இருளை ஒளியாகவும் மாற்றி, இடவலம் திருப்பிக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் அச்சிடுக. மை நன்கு உலரவேண்டும். ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கலந்து பூசிய காகிதத்தின்மேல், மைப்புறம் கீழாக வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுக. நீரில் அலசினால் நீலப்படம் தோன்றும். இது 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டது. மை கண்ணுக்குக் கருமையாகத் தோன்றினால் மட்டும் போதாது; புற ஊதாக் கதிரையும் அது தடுத்தல் வேண்டும். ஆதலின் முதலில் படிப்படியாகக் கருமை ஏறும் பட்டை ஒன்றை அச்சிட்டுச் சோதித்து, அதற்கேற்பப் படத்தின் ஒளி நிலைகளைத் திருத்துவர்.

இப்பொறி நுண்ணிய மைப்புள்ளிகளால் ஒளிநிழலைக் காட்டுகிறது. புள்ளிகளால் படம் அமைக்கும் ஹாஃப்டோன் முறையை இக்கல்கத்தாவிலேயே ஆராய்ந்தவர் உபேந்திரகிஷோர் ராய். 1897 முதல் இங்கிலாந்தின் பென்ரோஸ் ஆண்டு மலரில் அவர் கட்டுரைகள் வெளிவந்தன. திரைப்படமேதை சத்யஜித் ராயின் பாட்டனார் இவரே.

இவற்றால் நமக்கு ஆவது யாது? எஸ்பிளனேடில் புகழோடு விளங்கிய போர்ன் அண்டு ஷெப்பர்டு நிலையத்தில் 1991இல் தீப்பற்றிப் பழம்படங்கள் பல அழிந்தன. 2016இல் நிலையமும் மூடப்பட்டது. நம் பெற்றோரின் திருமணப் படங்களோ கைபேசியில் புதைந்து, கருவி பழுதுற்றால் மறைகின்றன. 1843இல் ஆன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை வைத்து எடுத்த நீலப்படங்களோ இன்றளவும் நின்று நிலவுகின்றன.

மழைக்காலம் நீங்கியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மாடிகளில் சிறார் கையாலேயே ஊர்ப்படம் ஒன்றை அச்சிடச் செய்வோம். தாம் பாராத ஊரும் பாட்டன் முகமும் அவர்கள் கையில் நீல நிறத்தில் தோன்றும். அவர்தம் நெஞ்சிலும் நிலைக்கும்.