பலர் சேர்ந்து எழுதும் கதையில் எழுத்துருவும் எழுத்தளவும்

பலர் கூடி ஒரே கதையை இணையத்தில் எழுதும் வழக்கம் இன்று இளையரிடையே உண்டு. நாயகன் பேச்சை ஒருவர் எழுத, தோழியின் மறுமொழியை மற்றொருவர் எழுதுவார். எது யார் குரல் என்று காட்ட ஒவ்வொருவரும் ஓர் எழுத்துருவைத் தேர்ந்துகொள்வர். கூச்சலைப் பெரிய எழுத்திலும் முணுமுணுப்பைச் சிறிய எழுத்திலும் அமைப்பர். இதனை விளையாட்டு என்று ஒதுக்குவோர் உளர். ஆயினும், ஒரே ஏட்டில் வரும் பல குரல்களைப் பிரித்துக் காட்டுவது எங்ஙனம் என்னும் கேள்வி தமிழுக்குப் பழையது.

ஓலையில் எழுத்தாணி ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஓடிற்று. மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதும் அரிது. ஆகவே குரலைப் பிரிக்கும் பொறுப்பைச் சொல்லே ஏற்றது. 'என்றாள்', 'என்றது', 'என்க' போன்ற சொற்கள் ஒருவர் பேச்சு முடியும் எல்லையைக் காட்டின. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் கூற்றும் கேட்போரும் இடம்பெறுகின்றன. அகப்பாடல்களுக்குத் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' எனக் குறிப்பெழுதியவர்களும் இத்தேவையை உணர்ந்தவர்களே.

அச்சு வந்த பிறகு அளவும் ஒரு கருவியாயிற்று. தொடக்கத்தில் அது காகிதச் செலவு பற்றியது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடியை அடைந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியன, காகிதத்தை விழுங்கின. சீகன்பால்கும் அவர் துணைவரும் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்க்கச் செய்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். பின்னாளில் இலக்கியப் பதிப்புகள் பலவற்றில் மூலம் பெரிய எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் அமைந்தபோதுதான் அளவு பொருளுடையதாயிற்று. பாடியவர் சொல் எது, உரைகாரர் சொல் எது என்பது பார்த்த அளவிலேயே விளங்கிற்று. (உரோமன் எழுத்தினின்று இரவல் வாங்கிய சாய்வெழுத்து நம் வட்ட எழுத்துகளுக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.)

கணினிக் காலத்தில் இவ்வசதி சிறிது காலம் பறிபோயிற்று. அவ்வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டு. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பு இணையத்தில் ஏறியபோது அதன் தமிழ்ப் பகுதியைத் திரையில் காட்ட உழைத்தவர் நா. கோவிந்தசாமி, கணியன் எழுத்துருவும் அவர் ஆக்கமே. ஆனால் அந்நாளில் எழுத்துருவும் குறியேற்றமும் ஒன்றாகப் பிணைந்திருந்தன. ஓர் எழுத்துருவில் 'க'வுக்கு உரிய எண், வேறோர் எழுத்துருவில் வேறு எழுத்தைக் குறிக்கும். எழுத்துருவை மாற்றினால் குரல் மாறாது. சொல்லே சிதைந்து குப்பையாகும். இருவர் இரு எழுத்துருவில் ஒரு கதையைத் தொடர்வது எண்ணவும் இயலாதது. இச்சிக்கலைத் தீர்க்க 1997இல் இங்கே தமிழ்நெட் 97 மாநாடு கூடிற்று. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் தரங்களை அறிவித்தது. ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்தும், கணினிகள் அதனை முறையாகக் காட்டப் பல்லாண்டுகள் சென்றன. 2010இல் தமிழ்நாடு அரசும் அதனைத் தரமாக ஏற்றது. எண் எழுத்துக்கு உரியதாக, எழுத்துரு வெறும் உடையாயிற்று. இன்றைய இளையர் விரும்பியவாறு உடை மாற்றுவது இதனால்தான்.

உடையோ எளிதில் கழன்றுவிடும். கதையை ஒரு திரையிலிருந்து படியெடுத்துக் கைப்பேசிச் செய்தியாக அனுப்பினால் எழுத்துருவும் அளவும் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. சொற்கள் மட்டுமே சென்று சேர்கின்றன. பார்வை குன்றியோர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள், பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பொதுவாக ஒரே குரலில் படிக்கிறது. உடற்குறையுள்ளோர்க்கான வசதிகளோடு 2023இல் திறக்கப்பட்ட வட்டார நூலகம் இப்பொங்கோலில்தான் உள்ளது. அங்கே அமர்ந்து அத்தகைய கதையைச் செவியால் கேட்கும் ஒருவர், ஓலைச்சுவடி படித்தவரின் நிலைக்கே திரும்புகிறார். சுவடி படித்தவர்க்கு வாய்த்த 'என்றாள்' மட்டும் இவர்க்கு இல்லை. எழுத்துரு இருக்கிறதே என்று இளையர் அதனை விட்டுவிடுகின்றனர். பேசுவோர் பெயரை வரியின் தலையில் இட்டுவிட்டு, அதன்பின் எந்த எழுத்துருவையும் அணிவிக்கலாம் என்பதே அவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள்.