"கைகள் இன்றி" என்று ஒப்பமிட்ட ஓவியர் சாரா பிஃபின்

இங்கிலாந்தின் சமர்செற் பகுதிக் கிராமம் ஒன்றில், 1784 ஒக்டோபர் 25ஆம் திகதி எளிய குடும்பமொன்றில் பிறந்தவர் சாரா பிஃபின். பிறவியிலேயே அவருக்குக் கைகள் இல்லை. கால்களும் வளரவில்லை. வளர்ந்த பின்னரும் அவரது உயரம் 37 அங்குலம்தான். வாயாலும் தோளாலும் ஊசி பிடித்துத் தைக்கவும், எழுதவும், வரையவும் அவர் பழகிக்கொண்டார்.

இளம் வயதில் டியூக்ஸ் என்ற காட்சிக்காரர் அவரை ஒப்பந்தம் செய்து, ஊர் ஊராகக் காணிவேல்களுக்குக் கொண்டுபோனார். சனம் காசு கொடுத்து அவரைப் பார்த்தது. அங்கேயே யானைத்தந்தத் தகட்டில் உருவப்படமும் வரைந்து கொடுத்தார். ஒரு படத்தின் விலை மூன்று கினி, அதாவது மூன்று பவுணுக்குச் சற்று மேல். அவருக்குக் கிடைத்ததோ ஆண்டுக்கு ஐந்து பவுண் என்று சொல்லப்படுகிறது. கணக்கு அவ்வளவுதான்.

டியூக்ஸின் துண்டுப்பிரசுரங்கள் அவரது உடலைத்தான் விற்றன. ஊடகம் படித்த எனக்கு இது இருநூறு ஆண்டுப் பழைய கதையாகத் தெரியவில்லை. போருக்குப் பின்னான எங்கள் செய்திகளில், கால் இழந்த ஒருவர் தையல் கடை நடத்தினால், கமெரா முதலில் தேடுவது செயற்கைக் காலைத்தான். அவர் தைத்த சட்டை கடைசியில் வரும், சிலவேளை வராமலே போகும்.

1808இல் இலண்டன் பார்த்தலோமியு சந்தையில் மோர்ட்டன் பிரபு அவரைச் சந்தித்தார். அவர் பார்த்தது ஓவியத்தை. வில்லியம் கிரெய்க் என்ற ஓவியரிடம் சாரா முறையாகப் பயில அவர் உதவினார். 1821இல் கலைச் சங்கத்தின் பதக்கம் கிடைத்தது. சாரா இலண்டனில் சொந்தக் கலைக்கூடம் அமைத்தார். அரச குடும்பத்தினரும் அவரிடம் படம் வரைவித்தனர்.

நுண்ணோவியம் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் உருவப்படம். புகைப்படம் வருமுன், கடலுக்கும் போருக்கும் போனவர்களின் முகத்தை வீட்டார் பதக்கத்தில் வைத்து நெஞ்சோடு அணிந்துகொள்ள இதுவே வழி. மெல்லிய தந்தத்தில் நீர்வர்ணம் எளிதில் ஒட்டாது, வழுக்கும். அதனால் புள்ளி புள்ளியாக, மயிரிழைக் கோடுகளாகத்தான் முகத்தை எழுப்பவேண்டும். விரல்கள் உள்ளவர்களுக்கே கடினமான வேலை. சாரா தூரிகையைச் சட்டையின் தோள்புறத்தில் தைத்துப் பொருத்தி, வாயின் துணையோடு அதை இயக்கினார். தன்னையே வரைந்த படமொன்றில் அந்தத் தூரிகையையும் மறைக்காமல் தீட்டியிருக்கிறார்.

சில படங்களில் பெயரோடு "கைகள் இன்றி" என்றும் எழுதினார். இதை அனுதாபம் தேடியது என்று சொல்வோர் இருக்கலாம். முதலாளியின் விளம்பர வாசகத்தைப் பறித்துத் தன் தொழில் முத்திரையாக்கினார் என்றே நான் பார்க்கிறேன். அந்தக் காசு இனி அவருக்கு வரும்.

காசு நிலைக்கவில்லை. 1824இல் வில்லியம் றைற் என்பவரை மணந்தார். அந்த வாழ்வு விரைவிலேயே முறிந்தது. 1827இல் மோர்ட்டன் பிரபுவும் இறந்தார். 1839இல் புகைப்படக்கலை பகிரங்கமான பின்னர் நுண்ணோவியத் தொழிலே தேயத் தொடங்கியது. கடைசிக் காலத்தை லிவர்பூலில் கழித்த அவருக்காக, 1847இல் ஆதரவாளர்கள் நிதி திரட்டினார்கள். 1850 ஒக்டோபர் 2இல், 66ஆவது வயதை எட்டவிருந்த நிலையில், அங்கேயே காலமானார்.

சார்ள்ஸ் டிக்கன்ஸின் பல நாவல்களில் அவர் பெயர் வருகிறது. ஓவியராக அல்ல, உடலைக் காட்டும் பகிடியாக. பிறகு நீண்டகால மௌனம்.

2019இல் சதபீஸ் ஏல நிறுவனம் அவரது சுய உருவப்படத்துக்கு அதிகபட்சம் 1,200 பவுண் வரும் என மதிப்பிட்டது. விற்றது 137,500 பவுணுக்கு. 2022இல் இலண்டனில் அவருக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. கைகளின்றிப் பிறந்து வாயால் வரையும் அலிசன் லாப்பர் அதற்கு ஆலோசகராக இருந்தார். கண்காட்சியின் தலைப்பு, சாரா தன் படங்களில் எழுதிய அதே சொற்கள்தான்.