இடிந்த கோட்டையும் இடியாத பெயர்களும்

மதுரையின் வரைபடத்தில் முதலில் கண்ணில் படுவன, மீனாட்சியம்மன் திருக்கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரியும் வீதிகளே. மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. எல்லாம் திங்கள்களின் பெயரால் அமைந்தவை. மாசி வீதியைத் தாண்டியதும் இந்த ஒழுங்கு மாறிவிடுகிறது. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதி என்ற பெயர்கள் வருகின்றன. திங்கள்களின் வரிசைக்கு அடுத்தபடியாக ஒரு வெள்ளைக்காரரும் ஒரு மேஸ்திரியும் எவ்வாறு வந்து சேர்ந்தனர்? விடை தேடிச் சென்றால், இன்று இல்லாத ஒரு கோட்டையின் முன்னால் போய் நிற்கிறோம்.

பாண்டியர் காலத்துக் கோட்டையை அகற்றிவிட்டு, அதனினும் பெரிதாக வேறொரு கோட்டையை எழுப்பியவர், 16ஆம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சிக்கு அடித்தளமிட்ட விசுவநாத நாயக்கர். அதற்கு 72 கொத்தளங்கள். கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. கான்சாகிபு என்று மக்கள் அழைக்கும் யூசுப்கான் 1763-64இல் கும்பினிப் படையையும் நவாபின் படையையும் எதிர்த்து நின்றது இக்கோட்டைக்குள் இருந்துதான். அவரை வீழ்த்தியது பீரங்கியன்று, உடனிருந்தோரின் துரோகம். 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அடக்கத்தலம் சம்மட்டிபுரத்தில் உள்ளது.

1801இல் பாளையக்காரர் போர் முடிந்து, நாடு கும்பினியின் கைக்குப் போனபின் கோட்டைக்கு வேலையில்லாமல் போயிற்று. எதிரியைத் தடுக்க எழுந்த மதில் ஊரின் வளர்ச்சியைத் தடுத்தது. 1834 முதல் 1847 வரை மதுரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் அதை இடித்துவிடத் துணிந்தார். அதற்கு அவர் கையாண்ட வழி எளியது. மதிலை இடித்து, அந்த மண்ணையும் கல்லையும் கொண்டு அகழியைத் தூர்த்துச் சமன் செய்வோருக்கு அந்த நிலத்தில் மனை கிடைக்கும் என்பதே ஏற்பாடு. மக்கள் முன்வந்தனர். அரசர் கட்டிய கோட்டை குடிகளின் கையால் வீடுகளாயிற்று. இப்பணியில் ஆட்சியருக்குத் துணை நின்றவர்கள் மாரட் என்ற அதிகாரியும் பெருமாள் என்ற மேஸ்திரியும். மதிலும் அகழியும் கிடந்த வளையத்தில் உருவான வீதிகள் அவர்கள் பெயரைப் பெற்றன. அவற்றுக்கு அப்பால் அமைந்தது வெளி வீதி. எதற்கு வெளியே? கோட்டைக்கு வெளியே!

ஆட்சியரையும் ஊர் மறக்கவில்லை. கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் கூடுமிடத்தருகே உள்ள விளக்குத்தூண், பிளாக்பர்னுக்கு நன்றிக்கடனாக மக்கள் எழுப்பியதே. இன்று அது கடைவீதிக்கு வருவோர் ஒருவரையொருவர் சந்திக்கக் குறிக்கும் இடமாக நிற்கிறது. தூணைத் தெரிந்தவர் பலர்; அதில் உள்ள பெயரைப் படித்தவர் சிலர்.

மதில் போனபின் ஊர் மூச்சு விட்டது என்றே சொல்லவேண்டும். மேற்கே 1875இல் இருப்புப்பாதை வந்தது. வடக்கு வெளி வீதிப் பக்கத்தில், 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச்சங்கம் இடங்கொண்டது. இழப்பும் சிறிதன்று. 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் எஞ்சிய பகுதியைக் காக்க, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு முன்வந்தார். கோட்டைக்காக அவ்வாறு பரிந்து பேச எவரும் இல்லை. மேல வெளி வீதியில் பெரியார் பேருந்து நிலையத்தருகே ஒரு கொத்தளம் மட்டும், தான் எதன் மிச்சம் என்று சொல்லாமல் நிற்கிறது.

ஆனால் கல்லில் அழிந்த கோட்டை சொல்லில் அழியவில்லை. மேலவாசல், கீழவாசல், தெற்குவாசல் என்று நாள்தோறும் பேருந்து நடத்துநர்கள் கூவுகின்றனர். வாசல் எதுவும் அங்கே இல்லை, பெயர்கள் இருக்கின்றன. மகால் காட்டுவதற்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் நாம், அதே தெருக்களின் வழியாகத்தான் போகிறோம். வாசல் எங்கே என்று அவர்களும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

பட்டயத்தில் அரசர் பெயரும் செய்யுளில் புலவர் பெயரும் நிற்பது வழக்கம். வேலையாட்களை மேய்த்த ஒரு மேஸ்திரியின் பெயர், மாதப் பெயர் பூண்ட திருவீதிகளுக்கு அருகில் ஏறத்தாழ 180 ஆண்டுகளாக நிற்பது அரிது. மண் சுமந்த நூற்றுக்கணக்கானோரில் நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே பெயர் அதுவாகவும் இருக்கலாம். ஊர்களின் பெயரும் தெருக்களின் பெயரும் அடிக்கடி மாற்றப்படும் காலம் இது. மதுரையில் அவ்வாறு ஒரு பேச்சு எழுமானால், பலகையைக் கழற்றுமுன் அந்தப் பெயர் எதைக் காத்து நிற்கிறது என்று கேட்டறிய வேண்டியது நம் கடமை. மதிலைப் பெயர்த்தபோது வீடு கட்ட நிலமாவது கிடைத்தது. பெயரையும் பெயர்த்துவிட்டால் நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.