ஈட்டியும் மகோகனியும்: இரு கிட்டார் மரங்களின் வரலாறு

அகூஸ்டிக் கிட்டாரின் பின்பலகைக்கும் பக்கப் பலகைகளுக்கும் உலகெங்கும் அதிகம் எடுக்கப்படும் மரங்களில் முதன்மையானவை இரண்டு: ஈட்டி, மகோகனி. தோதகத்தி என்றும் சொல்லப்படும் ஈட்டி நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். புளி, புங்கு, வேங்கை எல்லாம் அடங்கிய பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மகோகனி வேம்புக்கு உறவு; கரீபியன் தீவுகளும் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளும் அதன் சொந்த இடம். கிட்டார் வாசிப்பவர்கள் ஈட்டியை ரோஸ்வுட் என்றுதான் சொல்வார்கள். இவற்றில் எதற்கு நாதம் நன்று என்ற வழக்கு ஒரு நூற்றாண்டாக நடந்துவருகிறது. அதில் காது சொன்ன தீர்ப்புகளைவிட மரத்தின் வரத்தும் விலையும் சட்டமும் சொன்ன தீர்ப்புகளே அதிகம்.

மலையடிவாரத்தில்

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தின் தலைமையிடமான பூதப்பாண்டி, தாடகை மலையை ஒட்டிய ஊர். பூதலிங்கசுவாமி கோயிலாலும், ப. ஜீவானந்தம் 1907இல் பிறந்த ஊர் என்பதாலும் வெளியூர்க்காரர்கள் இதை அறிவார்கள். வனத்துறைக்கு இது ஒரு சரகத்தின் பெயரும்கூட. நெல்வயல் முடிந்து, வாழையும் தென்னையும் முடிந்து, ரப்பரும் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இத்தகைய ஈரமான இலையுதிர் சரிவுகளே ஈட்டியின் இருப்பிடம். தேக்கும் வேங்கையும் அதற்கு அண்டை மரங்கள். கிட்டாருக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு மரத்தின் வழியே வருவதுதான், வேறில்லை.

1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை, பூதப்பாண்டி அடங்கிய நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் ஆட்சி மரபில் இருந்தது. அங்கே தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் நான்கும் ராஜ மரங்கள். நிலம் குடியானவனுடையதாக இருக்கலாம். அதில் தானாக முளைத்த ஈட்டியின் தடி அரசனுடையது. ஆகவே தன் விளையில் ஈட்டிக்கன்று தலைகாட்டினால் அதை வளர்த்துவிட யாருக்கும் பெரிய ஆசை இருந்திருக்காது. இந்த ஏற்பாட்டின் நிழல் இன்றும் மலைக்கு அந்தப் பக்கம் நீள்கிறது. 2020 அக்டோபரில் கேரள வருவாய்த்துறை போட்ட ஓர் உத்தரவைக் காட்டி வயநாட்டின் முட்டில் பகுதியில் பட்டா நிலத்து ஈட்டிகளை வெட்டிச் சாய்த்தார்கள். அடுத்த பிப்ரவரியில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வழக்குகள் தொடர்ந்தன.

நாஞ்சில் நாட்டில் ஈட்டி என்றால் கட்டிலும் சாய்வு நாற்காலியும் அலமாரியும்தான். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா, நாதசுரத்துக்கு ஆச்சா என்று நம் இசைக்கருவிகளின் மரக்கணக்கு வேறு. ஈட்டியை நாதத்துக்காகத் தேடிவந்தவர்கள் கடல் கடந்து இருந்தார்கள்.

ஈட்டிக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் வில்லியம் ராக்ஸ்பரோ. டால்பெர்ஜியா லாட்டிபோலியா என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. அவர் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்தபோதுதான், 1795இல், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மகோகனிக் கன்றுகள் அந்தப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. பெரிய இலை மகோகனி பின்னர் 1872இல் வந்தது. இன்று கேரளத்திலும் குமரியிலும் சாலையோரத்திலும் தோட்டத்திலும் நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. திருவிதாங்கூரின் வனக் காப்பாளராக இருந்த டி. எப். போர்டிலன் 1908இல் வெளியிட்ட ‘திருவிதாங்கூரின் வனமரங்கள்’ இந்தப் பகுதியின் மரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் புரட்டும் நூல்.

பிரேசில் போய் இந்தியா வந்தது

ஸ்பானிய கிட்டார் மரபில் ரோஸ்வுட் உயர்தரக் கருவிக்கு உரியது. பிளமென்கோ கிட்டாருக்கு இலேசான சைப்ரஸ். அந்த ரோஸ்வுட் பிரேசிலுடையது, நம் ஈட்டியின் பங்காளி இனம். ஜெர்மனியிலிருந்து 1833இல் நியூயார்க்கில் குடியேறி, சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குப் பட்டறையை மாற்றிய கிறிஸ்டியன் பிரெடெரிக் மார்ட்டினும் அதையே எடுத்தார். அமெரிக்கக் கிட்டாரின் வரலாறு பாதிக்கு மேல் அந்த ஒரு பட்டறையின் வரலாறு என்பதால், மரம் மாறிய கதையையும் அங்கேயே தொடரலாம்.

மகோகனி உள்ளே வந்தது சிக்கனத்தின் வழியே. மார்ட்டின் நிறுவனத்தின் ‘18’ என்ற வகை முதலில் ரோஸ்வுட்டில்தான் செய்யப்பட்டது. 1917இல் அது மகோகனிக்கு மாறியது. யுகுலேலே மோகம் பரவிய காலம் அது. மகோகனி தாராளமாகக் கிடைத்தது, அறுக்கவும் வளைக்கவும் இசைந்து கொடுத்தது. 1922இல் அந்த நிறுவனம் உலோகத் தந்திக்கு என்றே வழக்கமாகச் செய்யத் தொடங்கிய முதல் கிட்டாரும் மகோகனிதான். நரம்புத் தந்தியைவிட உலோகத் தந்தியின் இழுவிசை அதிகம், ஓசையும் உரக்க வரும். 1930களில் அகன்ற உடல்கொண்ட டிரெட்நாட் வடிவம் நிலைபெற்றபோது டி-18 மகோகனியிலும் டி-28 ரோஸ்வுட்டிலும் இணையாக வந்தன. ரோஸ்வுட், மகோகனி என்று இன்றைக்கு நாம் வாதிடும்போது மனத்தில் வைத்துப் பேசுவது பெரும்பாலும் இந்த இரட்டையரைத்தான்.

பிறகு பிரேசிலின் மரம் வற்றத் தொடங்கியது. அகலமான பலகை கிடைக்காமல் 1965இல் மூன்று துண்டுகளை ஒட்டிய பின்பலகையோடு டி-35 வெளிவந்தது. பற்றாக்குறையில் பிறந்த அந்த அமைப்புக்கும் பின்னால் தனி நாதம் இருப்பதாகச் சொல்லும் இரசிகர்கள் வந்துவிட்டார்கள். 1960களின் இறுதியில் பிரேசில் தன் ரோஸ்வுட் தடிகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், 1969இல் மார்ட்டின் இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்ற பட்டறைகளும் அதே வழியில் வந்தன. பிரேசில் மரம் 1992இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில், அதாவது வணிகமே கூடாதென்ற பட்டியலில், சேர்ந்தது. அதற்குள் கிட்டார் உலகில் ரோஸ்வுட் என்றால் நம் மலைச்சரிவின் மரம் என்றாகிவிட்டது.

1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேசத்துக்கு வந்தபோது கொண்டுவந்தது டி-28. ஆக, பிரேசில் ரோஸ்வுட் இந்தியாவுக்கு வந்துபோன மறு ஆண்டில் இந்திய ரோஸ்வுட் நாசரேத்துக்குப் போனது. அந்தக் குழுவின் பால் மெக்கார்ட்னி நமக்கு ஓர் ஒப்பீட்டையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1965இல் பதிவான ‘யெஸ்டர்டே’ பாட்டில் அவர் வாசித்தது மகோகனி உடல்கொண்ட எபிபோன் டெக்சன். 1968இல் பதிவான ‘பிளாக்பேர்டு’ பாட்டில் டி-28. ஒரே ஆள், ஒரே விரல்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் மகோகனியின் குரல் குறுகலாக, நடுவில் குவிந்து, சீக்கிரம் அடங்குவது போலவும், ரோஸ்வுட்டின் குரல் கீழும் மேலும் விரிவது போலவும் தோன்றும். ஆனால் சுருதி வேறு, மைக் வேறு, தந்தி வேறு. மரத்தின் கணக்கில் எவ்வளவை எழுதுவது என்பதுதான் சிக்கல்.

நாதத்தின் கணக்கு

தந்தியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்குப் போகிறது. ஸ்புரூஸ் அல்லது சீடர் மரத்தில் செய்த அந்த மெல்லிய பலகைதான் காற்றைத் தள்ளி ஓசையை உண்டாக்குகிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் ஒருமுறை வீங்கி ஒலிக்கும். மேல்பலகையின் முதல் அதிர்வு சுமார் 200 ஹெர்ட்ஸில் வரும். பின்பலகையின் வேலை இரண்டாம் பட்சம்: கொஞ்சம் கூடவே அதிரும், கொஞ்சம் திருப்பி அனுப்பும், கொஞ்சம் விழுங்கும். ஈட்டியும் மகோகனியும் வேறுபடுவது இந்த விழுங்கலில். ஈட்டி கனமீட்டருக்கு 830 கிலோ அளவில் கனக்கும் மரம், மகோகனி 590 கிலோ அளவில். வைரம் பாய்ந்த ஈட்டிப் பலகையை விளிம்பில் பிடித்துத் தட்டினால் வெண்கலத் தாம்பாளம் போல நீண்டு ஒலிக்கும். மகோகனி ஒரு முறை பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

இதிலிருந்துதான் வாசிப்பவர்களின் வழக்கு மொழி வந்தது. ரோஸ்வுட்டுக்கு பேஸ் ஆழமாக இருக்கும், டிரெபிள் மினுக்கும், மீஸ்வரங்கள் நிறைய. தனியாக விரலால் வாசிக்கிறவருக்குப் பிடிக்கும். மகோகனிக்கு மிட் உண்டு, அடித்த ஸ்வரம் தெளிவாக நிற்கும், ஒலிப்பதிவில் மற்ற வாத்தியங்களின் மேல் ஏறிக்கொள்ளாது. பாடிக்கொண்டே ஸ்டிரம் செய்கிறவருக்கு ஏற்றது. பொதுப் போக்காக இதை ஏற்கலாம். விதியாக ஏற்க முடியாது. மேல்பலகையின் உள்ளே ஒட்டிய கட்டைகளைச் செய்தவர் அரை மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவினாலே இந்த வேறுபாடு முழுவதும் கரைந்துபோகலாம். பின்பலகையைத் தொப்பையில் சாய்த்து வைத்து வாசிப்பவர் அதன் அதிர்வில் பெரும்பகுதியைத் தானே அடக்கிவிடுகிறார் என்பதை இந்த வழக்கில் யாரும் சொல்வதில்லை.

சந்தேகம் பழையது. ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் 1862இல் பின்னும் பக்கமும் காகிதக் கூழால் ஆன ஒரு கிட்டாரைச் செய்தார். பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. மேல்பலகையே எல்லாம் என்று காட்டுவதற்காகச் செய்தது அது. முறையான சோதனை 2018இல் வெளியானது. இங்கிலாந்தின் ரோஜர் பக்நல் ஒரே அளவில் ஆறு கிட்டார்கள் செய்தார். மேல்பலகை முதல் எல்லாம் ஒன்று. பின்னும் பக்கமும் மட்டும் பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 52 கிட்டார் கலைஞர்கள், மரம் கண்ணுக்குத் தெரியாதபடி வெல்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில் வாசித்து மதிப்பெண் இட்டார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். மரங்களை ஒலியால் மட்டும் பிரித்தறிவதும் அவர்களுக்குக் கடினமாகவே இருந்தது.

இது நல்ல மரப்பலகையில் செய்த கிட்டார்களின் நிலை. தமிழ்நாட்டுக் கடைகளில் முதல் கிட்டாராக வாங்கப்படுபவற்றில் மிகப் பல ஒட்டுப்பலகையில் ஆனவை. ரோஸ்வுட் என்பது மேலே ஒட்டிய தாள் கனத்துத் தகடு. அங்கே இந்த ஒப்பீட்டுக்கு வேலையே இல்லை. நம் பக்கத்து ஈரக்காற்றில் மேல்பலகை உப்பி, தந்தி விரலுக்கு எட்டாமல் ஏறாதிருந்தால் போதும். அந்தக் கவலையில் மகோகனி கைகொடுக்கும் மரம்: ஈரத்துக்கு அதிகம் விரிந்து சுருங்காது. அதனாலேயே விலையுயர்ந்த ரோஸ்வுட் கிட்டாருக்கும் நெக் பெரும்பாலும் மகோகனியில் வரும். மகோகனி கிட்டார்கள் பலவற்றுக்குப் பிங்கர்போர்டும் பிரிட்ஜும் ஈட்டி. எதிரிகள் என்று பேசப்படும் இரண்டும் ஒரே கருவியில் பசையோடு ஒட்டியே இருக்கின்றன.

சட்டத்தின் கை

அண்மைக் காலத்தில் நாதத்தைவிடப் பெரிய கேள்வி அனுமதிச் சீட்டு. ஈட்டித் தடியையும் அறுத்த மரத்தையும் ஏற்றுமதி செய்ய இந்தியா விடுவதில்லை. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் நாஷ்வில்லிலும் மெம்பிஸிலும் இருந்த கிப்சன் கிட்டார் நிறுவனத்தின் ஆலைகளில் சோதனையிட்டபோது, இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலிப் பிங்கர்போர்டு பலகைகள் 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமாயிருந்ததுதான் தகராறு: அதற்குள் இருந்தால் தகடு, மேலே போனால் அறுத்த மரம். 2012 ஆகஸ்டில் கிப்சன் 3,00,000 டாலர் அபராதத்தோடு சமாதானமானது. அதன் மையம் மடகாஸ்கர் கருங்காலி. இந்திய மரத்தைப் பற்றிய சட்டம் தெளிவில்லை என்பதை அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டது.

2017 ஜனவரி 2 முதல், முதல் பட்டியலில் இருந்த பிரேசில் மரம் தவிர, டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் சைட்ஸ் இரண்டாம் பட்டியலுக்கு, அதாவது அனுமதிச் சீட்டோடு வணிகம் செய்யும் பட்டியலுக்கு, வந்தது. தளபாடச் சந்தை தின்ற காடுகளுக்காகப் போட்ட கட்டுப்பாடு கிட்டார்காரர்களையும் பிடித்துக்கொண்டது. நிறுவனங்கள் அவசரமாக வேறு மரம் தேடின. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26இல் விலக்குக் கிடைத்தது. ஜாவாவில் சோனோகெலிங் என்ற பெயரில் வளர்க்கப்படுவதும் நம் ஈட்டியே. கிட்டார்களுக்கு அதுவும் போகிறது.

தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம், பட்டா நிலத்தில் நிற்பதையும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாதென்றது. 2010இல் நீட்டிக்கப்பட்ட அந்தச் சட்டத்தின் காலம் 2025இல் முடிந்தது. பூதப்பாண்டிச் சரகத்தின் காப்புக் காட்டுக்குள் நிற்கும் மரத்துக்கு வனச் சட்டங்களின் காவல் உண்டு. வெளியே பட்டா நிலத்தில் நிற்பதற்குத்தான் அந்தச் சட்டம் தேவைப்பட்டது. மகோகனிக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. பெரிய இலை மகோகனி 2003 நவம்பர் முதல் சைட்ஸ் இரண்டாம் பட்டியலில் இருந்தாலும், அந்தக் கட்டுப்பாடு அமெரிக்கக் கண்டத்து மரத்துக்கு மட்டும். பிஜித் தீவின் தோட்டங்களில் வளர்ந்த மகோகனி கிட்டார் ஆலைகளுக்குப் போவது அதனால்தான். தோவாளை வட்டத்தில் ஒரு விளையில் வளர்ந்த பெரிய இலை மகோகனிக்கும் சைட்ஸ் சீட்டு வேண்டியதில்லை.