தீர்வைச் சுவரும் தொலைக்காட்சிப் பெட்டியின் பிறப்பிடமும்

மலேசிய மின்னியல் தொழிலின் வளர்ச்சியை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு காரணங்களை முன்வைப்பர். ஒன்று, 1971ஆம் ஆண்டின் சுதந்திர வாணிப மண்டலச் சட்டமும் அதனையொட்டிப் பாயான் லெப்பாசில் எழுந்த தொழிற்பேட்டையும். மற்றொன்று, 1985ஆம் ஆண்டின் பிளாசா உடன்பாட்டுக்குப் பின் யென் நாணயத்தின் மதிப்பு உயர்ந்தமை. இவை மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும், பொருளை வாங்கும் நாடுகள் தத்தம் எல்லையில் விதித்த தீர்வைகளுக்கு இவ்வரலாற்றில் உரிய இடம் தரப்படவில்லை என்பது நம் கருத்து. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றையே சான்றாகக் கொண்டு இதனைக் காண்போம்.

ஜப்பானியப் பெட்டிகள் நியாய விலைக்கும் குறைவாக அமெரிக்காவில் விற்கப்படுகின்றன என 1971இல் அந்நாட்டு அரசு முடிவுசெய்து, அவற்றின்மீது குவிப்புத் தடுப்புத் தீர்வை விதித்தது. அதனை வசூலிப்பதோ ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 1977இல் வேறு வழி காணப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 17.5 இலட்சம் பெட்டிகளுக்கு மேல் அனுப்புவதில்லை என ஜப்பான் ஒப்புக்கொண்டது. இவ்வுடன்பாடு ஜப்பானை மட்டுமே கட்டுப்படுத்தியது. அது விட்ட இடத்தைத் தென்கொரியாவும் தைவானும் நிரப்பின. 1979இல் அவ்விரு நாடுகளுக்கும் வரம்பு விதிக்க நேர்ந்தது. மலாயா வரலாறு அறிந்தோர்க்கு இஃது அறிமுகமான கதையே. 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் மலாயா, இலங்கை ஆகியவற்றின் இரப்பர் ஏற்றுமதியைக் குறைத்தபோது, அதில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் சிறுதோட்டக்காரர்கள் தம் உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டனர். 1928இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இதற்கிடையில் ஜப்பானிய நிறுவனங்கள் சுவருக்கு உள்ளேயே குடிபுகுந்தன. சோனி 1972இல் சான் டியாகோவில் தொழிற்சாலை திறந்தது. மட்சுஷிதா 1974இல் மோட்டோரோலாவின் தொலைக்காட்சிப் பிரிவை விலைக்கு வாங்கியது. தோஷிபா 1978இல் டென்னசி மாநிலத்திற்குச் சென்றது.

தீர்வைப் பட்டியலின் நுண்மை இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. அமெரிக்கா முழுப் பெட்டிக்கு 5 விழுக்காடும், அதனுள் இருக்கும் படக்குழாய்க்கு 15 விழுக்காடும் தீர்வை விதித்திருந்தது. உறுப்புக்கு மிகுதி, முழுப்பொருளுக்குக் குறைவு! பெட்டியின் விலையில் பெரும்பங்கு குழாயினுடையது. ஆகவே ஆசியக் குழாயை மெக்சிகோவின் எல்லை நகரங்களுக்குக் கொண்டுசென்று, அங்கே பெட்டியில் பொருத்தி, பெட்டியாகவே அமெரிக்காவுக்குள் கொண்டுவந்தால் 5 விழுக்காடு செலுத்தினால் போதும். திஹுவானா தொலைக்காட்சி நகரமாக வளர்ந்ததில் மலிவான கூலிக்கு மட்டுமன்றி இந்த வேறுபாட்டுக்கும் பங்குண்டு. 1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையிலா வாணிப உடன்பாடு இவ்வழியை அடைத்தது. பெரிய திரைப் பெட்டிகள் தீர்வையின்றி நுழைய, குழாயும் அவ்வட்டாரத்திலேயே செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை அது விதித்தது. ஒரு பெட்டி எந்நாட்டில் பிறந்தது என்பதைப் பொறியாளர் அல்லர், சட்டம் வரைவோரே முடிவு செய்தனர்.

ஐரோப்பாவும் இவ்வழியிலேயே சென்றது. அதன் குவிப்புத் தடுப்புத் தீர்வை 1990இல் தென்கொரியாவின் சிறுதிரைப் பெட்டிகள்மீதும், 1991இல் சீனா, ஹாங்காங் ஆகியவற்றின் பெட்டிகள்மீதும் விதிக்கப்பட்டது. இக்காலப் பகுதியில் ஷா ஆலம், பாங்கி ஆகிய இடங்களில் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொழிற்சாலைகள் ஏற்றுமதிக்காக இயங்கத் தொடங்கியிருந்தன. யென் உயர்வு அவற்றை ஜப்பானிலிருந்து வெளியேற்றியது எனலாம். ஆனால் அவை தென்கொரியாவுக்கோ தைவானுக்கோ செல்லாமல் இங்கு வந்தமையை யென் மட்டும் விளக்காது. மலேசியா அப்போது தீர்வை விதிக்கப்படாத முகவரியாக இருந்தது. அந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1995இல் ஐரோப்பிய ஒன்றியம் மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவற்றின் வண்ணப் பெட்டிகள்மீதும் தீர்வை விதித்தது.

தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் பெண்களும் மின்னியல் தொழிற்சாலைகளில் பணிபுரிந்தனர். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குச் சென்றதை விடுதலையாகவும் இழப்பாகவும் நம் எழுத்தாளர்கள் சித்திரித்துள்ளனர். இரண்டிலும் உண்மை உண்டு. மாறாத ஒன்றையும் நாம் சேர்த்துக் காண வேண்டியுள்ளது. அவர்களின் பெற்றோர் சீவிய மரத்தின் பயனை இலண்டன் சந்தை விலை தீர்மானித்தது. இவர்கள் பொருத்திய பெட்டியின் போக்கிடத்தை வாஷிங்டனிலும் பிரசல்சிலும் எழுதப்பட்ட தீர்வை ஆணைகள் தீர்மானித்தன.

2003இல் அமெரிக்காவில் சீனா, மலேசியா ஆகிய இரு நாடுகளின் பெட்டிகளுக்கும் எதிராக மனு அளிக்கப்பட்டது. மலேசியப் பெட்டிகள் நியாய விலைக்குக் குறைவாக விற்கப்படவில்லை என 2004இல் முடிவாயிற்று. சீனப் பெட்டிகள்மீது மட்டும் தீர்வை விழுந்தது. அதற்குள் தட்டைத் திரைகள் கடைகளை நிரப்பத் தொடங்கிவிட்டன. படக்குழாய்க்காக எழுதப்பட்ட விதிகளுக்குப் படக்குழாயே இல்லாமற் போயிற்று.