சம்ப் பேக்கிங்: ஒரு மரப்பட்டை போருக்குப் போன கதை

பழைய கார் ராத்திரி முழுக்க நின்ற இடத்தைக் காலையில் பார்த்தால், தரையில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தகரத் தொட்டிக்கும் மேலே உள்ள இஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய பட்டை உண்டு. புத்தகத்தில் அதன் பெயர் கேஸ்கெட். நம்மூர் மெக்கானிக்குகளுக்கு அது பேக்கிங், தொட்டி ஆயில் சம்ப். பேக்கிங் போனால் பொட்டு விழும். இவ்வளவு சின்ன சாமானுக்காக ஒரு தேசமே மரம் நட்டது என்றால் நம்புவீர்களா?

1930, 40களின் அமெரிக்கக் கார்களில் இந்தப் பட்டை பெரும்பாலும் தக்கையால் ஆனது. ஆமாம், பாட்டிலை மூடும் அதே தக்கைதான். அந்த ஊரில் வண்டி வைத்திருந்தவர்களில் பலர் இதை வீட்டிலேயே மாற்றிக்கொண்டார்கள். எண்ணெயை வடித்துவிட்டு, வண்டியைத் தூக்கி முட்டுக் கொடுத்து, கீழே படுத்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் ஸ்டியரிங் கம்பி குறுக்கே நிற்கும், அதையும் இறக்க வேண்டும். ஒட்டிக் காய்ந்துபோன பழைய தக்கையைச் சுரண்டி எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

அதைவிடப் பெரிய தொல்லை வேறு. கடையில் நாள்பட்டுக் கிடந்த தக்கை ஈரம் வற்றிச் சுருங்கியிருக்கும். போல்ட் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறப் போட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும்! பிறகு அதைச் சம்பின் விளிம்பில் அரக்குப் பசையால் ஒட்டுவார்கள். அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளில் பூச்சியிடமிருந்து எடுக்கப்பட்டுக் கப்பலேறிப் போனது. ஓட்டையைச் சுற்றித் தகரம் குழிந்திருந்தால் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்த வேண்டும். போன தடவை இறுக்கியவர் பலத்தைக் காட்டியதால் வந்த குழி அது. இந்த வேலையில் கெட்டுப்போன பேக்கிங்குகளில் பாதி, முரட்டுக் கையால் கெட்டவையாகத்தான் இருக்கும்.

சரி, ஏன் தக்கை? இதற்குப் பதில் 1665லேயே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தேன்கூடு மாதிரி அறைகள் தெரிந்தன. உயிரியலில் நாம் படிக்கும் 'செல்' என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். ஒரு கன அங்குலத்தில் 120 கோடிக்கு மேல் அறைகள் இருக்கும் என்று கணக்குப் போட்டார். அத்தனை அறைகளிலும் காற்று. ரப்பரை அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். தக்கையை அமுக்கினால் அறைகள் மடங்குமே தவிர, பக்கத்தில் அவ்வளவாகப் பிதுங்காது. விட்டால் திரும்பி எழும்பும். கொஞ்சம் கோணலான தகர விளிம்புக்கு இதைவிட நல்ல அடைப்பு அன்றைக்குக் கிடையாது.

ஆனால் இந்த மரம் வளர்ந்த இடம் போர்ச்சுகல், ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா. அமெரிக்காவின் தேவை முழுவதும் கடல் தாண்டி வர வேண்டும். 1939ல் போர் தொடங்கியதும் அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் திரிந்தன. கார் மட்டும் என்றால் சமாளித்திருப்பார்கள். போர் விமானத்தின் இஞ்சினுக்கும் டாங்கிக்கும் இதே பேக்கிங் வேண்டும். 1940 செப்டம்பர் 17ல் பால்டிமோர் நகரில் கிரவுன் கார்க் அண்ட் சீல் நிறுவனத்தின் தக்கைக் கிடங்கு பற்றி எரிந்தது. நாஜிகளின் நாசவேலையோ என்ற சந்தேகம் எழுந்தது. சந்தேகம் சந்தேகமாகவே நின்றுபோனது.

அந்த நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் மெக்மேனஸ் ஒரு வேலை செய்தார். அமெரிக்க மண்ணிலேயே தக்கை மரம் வளர்ப்போம் என்று கிளம்பினார். விதைகளும் கன்றுகளும் பல மாநிலங்களுக்குப் போயின. கலிபோர்னியாவில் பல்கலைக்கழக வனத்துறையினர் துணை நின்றார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடக் கன்று நட்டார்கள்.

இதில் கணக்கு இடித்தது. தக்கை மரத்தின் பட்டையை முதல் தடவை உரிக்க ஏறக்குறைய 25 வருடம் ஆக வேண்டும். அதற்குப் பிறகு 9 வருடத்துக்கு ஒரு தடவை. போரோ 1945லேயே முடிந்துவிட்டது. மெக்மேனஸுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அடுத்த போருக்காக நட்டார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். 1946ல் அவர் இறந்தார். கப்பல்கள் பழையபடி வரத் தொடங்கியதும் திட்டத்தின் வேகமும் அடங்கியது.

வேடிக்கை என்னவென்றால், தக்கையை ஓரங்கட்டிய பொருளும் அதே போரில்தான் வளர்ந்தது. டவ் கார்னிங் நிறுவனம் 1943ல் சிலிகானுக்காகவே தொடங்கப்பட்டது. உயரப் பறக்கும் விமானங்களின் மின்பொறி அமைப்பைக் காக்கும் பசைதான் அதன் முதல் சரக்கு. பின்னாளில் அந்தக் குடும்பத்திலிருந்தே காற்றுப் பட்டதும் ரப்பராகும் பசைகள் வந்தன. இப்போது பல வண்டிகளில் பட்டையே கிடையாது. மெக்கானிக் ட்யூபைப் பிதுக்கி விளிம்பைச் சுற்றி ஒரு கோடு போடுகிறார், சம்பை ஏற்றுகிறார், அவ்வளவுதான். பழையதைச் சுரண்டும் வேலை மட்டும் அன்று போலவே இன்றும் உண்டு.

1941ல் நட்ட கன்று பட்டை உரிக்கும் வயதுக்கு வந்தது 1966 வாக்கில். கலிபோர்னியாவில் அந்த மரங்கள் சில இன்னும் நிற்கின்றன.