புல்மேட்டின் குரல்

சிட்னி நகரத்துக் கிரிக்கெட் மைதானத்தில், கனவான்கள் அமரும் மண்டபங்களுக்கு எதிர்ப்புறமாகக் கூரையின்றிக் கிடந்த 'ஹில்' என்னும் புல்மேடு, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், ஆட்டக்காரர்களைப் பரிகசிப்பதில் உலகப் பிரசித்தி பெற்றிருந்தது. அங்கே கூடியவர்கள் பெரும்பாலும் வாரமெல்லாம் உழைத்து, சனிக்கிழமைப் பிற்பகலில் மட்டும் ஓய்வு கண்ட ஜனங்கள். அக்காலத்து ஆஸ்திரேலிய டெஸ்ட் பந்தயங்களுக்கோ நாள் வரம்பு கிடையாது. வெற்றி தோல்வி முடிவாகும் வரையில் ஆடலாம் என்பதால், மட்டை பிடித்தவர் அவசரமின்றிப் பந்தைத் தடுத்துக்கொண்டே நிற்க, காசு கொடுத்து வந்தவருடைய ஒரே பிற்பகல் வீணாகக் கரையும். அந்த ஆற்றாமைக்கு வாய் கொடுத்தது 'ஹாவ் எ கோ, யூ மக்' என்ற கூக்குரல்; "ஒரு கை பாரேன், மடையா!" என்பது அதன் தாத்பரியம்.

இக்கூக்குரலோடு பெயர் பிணைந்தவர், 'யாபா' என்று எல்லோரும் அழைத்த ஸ்டீபன் ஹெரால்ட் காஸ்காயின் (1878–1942). முயல் இறைச்சியைத் தெருத்தெருவாகக் கூவி விற்ற தொழில் அவருக்கு அளித்த தொண்டை, மைதானத்தின் மறுகோடி வரையில் கேட்குமாம். ஒரு சமயம், பந்து வீசும் திக்கிலுள்ள வெள்ளைத் திரையை நகர்த்தச் சொல்லி நடுவர் கையை உயர்த்திக்கொண்டே நிற்க, பள்ளிப் பிள்ளை வெளியே போக அனுமதி கேட்பதாக அதைப் பாவித்து, "மணி அடிக்கட்டும் ஐயா, எங்களைப்போல் நீரும் பொறுத்திரும்!" என்ற கருத்துப்பட அவர் முழங்கினார் என்பார்கள். இப்பரிகாசத்தில் துவேஷம் இல்லை என்பதை ஆட்டக்காரர்களும் அறிந்திருந்தனர். 1928-29ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் சிட்னியிடம் விடைபெற்ற இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸ், மேட்டை நாடிச் சென்று யாபாவின் கையைக் குலுக்கினார்.

'ஹாவ் எ கோ' என்பதையே பெயராகச் சூட்டி, 1946ல் பி.பி.சி. வானொலியில் வில்பிரட் பிக்கிள்ஸ் தொடங்கிய நிகழ்ச்சி, ஊர் ஊராகச் சென்று சாமானியர்களைக் கேள்விக்கு விடை சொல்லிப் பார்க்க அழைத்தது. அதே சொல்வழக்கு ஒருவர்மேல் திரும்பினால், அவரைக் கண்டபடி ஏசுவதையும் குறிக்கும். புல்மேட்டிலோ தூண்டுதலும் வசையும் ஒரே மூச்சில் வந்தன. அடித்து ஆடி ஆட்டமிழந்தவனை விட்டு, அடிக்கத் துணியாதவனையே அக்குரல் மடையனாக்கிற்று.

இன்று மேடு இல்லை. அங்கே எழுந்த விக்டர் டிரம்பர் மண்டபத்தில் 2008ல் யாபாவுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஆட்டக்காரர்களைத் திட்டிய ஒரு ரஸிகருக்கு அவர்களுக்குச் சமமாக மரியாதை செய்ததன் மூலம், விஷயம் தெரிந்தவன் செய்யும் கண்டனமும் ஆட்டத்தின் ஓர் அங்கமே என்று மைதானத்தார் ஒப்புக்கொண்டனர்.